சீனப் படமும் செங்கல் கணக்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெளிநாட்டுப் படிப்பு அனுபவத்தைச் சொல்லும்படி நமது செயலாளர் அண்ணன் கேட்டார். விசா, ஸ்காலர்ஷிப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சீன சினிமா பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

அமெரிக்காவில் நான் எம்.எஸ். படித்தபோது எங்கள் ஆய்வகத்தில் பாதிப் பேர் சீனர்கள். மீதியில் பெரும்பாலும் நம்மவர்கள். பக்கத்துப் பக்கத்து மேஜை. ஆனாலும் ஹலோவுக்கு மேல் பேச்சில்லை. நமக்குச் சீனா என்றால் 1962 போர், ஜாக்கி சான், ஃப்ரைட் ரைஸ். அவர்களுக்கு இந்தியா என்றால் அப்பா அம்மா ரசித்த ராஜ் கபூரின் 'ஆவாரா'. அவ்வளவுதான்.

வருடம் ஒருமுறை ஆசியக் கலாசார விழா நடக்கும். அவர்கள் பக்கம் சிங்க நடனம், மூன்கேக். நம்ம பக்கம் பரதநாட்டியம், சமோசா. கைதட்டுவோம், தட்டைக் காலி பண்ணுவோம், அவரவர் கூட்டத்துக்குத் திரும்பிவிடுவோம்.

இந்தச் சுவரில் கதவு திறந்தது வெள்ளிக்கிழமை மாலைகளில்தான். பல்கலைக்கழக அரங்கில் இலவசமாகச் சீனப் படம் போடுவார்கள். முதலில் ஒரு பேராசிரியர் பத்து நிமிடம் முன்னுரை சொல்வார். படம் முடிந்ததும் அரை மணி நேரம் கலந்துரையாடல்.

பண்பாட்டுப் புரட்சியில் மூடப்பட்ட பெய்ஜிங் திரைப்படக் கல்லூரி 1978இல் மீண்டும் மாணவர்களைச் சேர்த்தது, 1982இல் தேறி வந்த அந்த வகுப்புதான் சீன சினிமாவையே மாற்றியது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அவர்களில் ஒருவர் ஜாங் யிமோ. பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். வயது வரம்பு தாண்டியும் முறையிட்டு இடம் வாங்கினார். அவர் இயக்கிய 'சிவப்புச் சோளம்' 1988இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருதைப் பெற்றது.

அவருடைய இன்னொரு படம், 'ஒருவர்கூடக் குறையக் கூடாது'. 1999இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்றது. ஏழைக் கிராமத்துப் பள்ளி. விடுப்பில் போகும் வாத்தியாருக்குப் பதிலாக 13 வயதுப் பெண்ணொருத்தி வருகிறாள். ஒரு பிள்ளைகூட நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டால் 10 யுவான் கூடுதல். ஆனால் ஒரு பையன் பிழைப்புத் தேடி நகரத்துக்குப் போய்விடுகிறான். அவனைத் தேடிப் போகப் பஸ் காசு வேண்டும். எத்தனை செங்கல் சுமந்தால் அந்தக் காசு தேறும்? வகுப்பே கரும்பலகையில் கணக்குப் போடுகிறது! நடித்தவர்கள் எல்லாரும் தொழில்முறை நடிகர்கள் அல்லாத சாதாரண மக்கள்.

படம் முடிந்ததும் பக்கத்து மேஜைச் சீன நண்பர் எழுந்து, "என் அம்மா இப்படியொரு பள்ளியில்தான் டீச்சர்" என்றார். நம்ம மதுரைக்கார நண்பர், "நான் படிச்சதே ஓராசிரியர் பள்ளியில்தான்" என்றார். அடுத்து இன்னொரு சீன மாணவி, "கடைசியில் டி.வி. வந்து நன்கொடை குவிவது அரசாங்க விளம்பரம் மாதிரி இருக்கு" என்றாள். இரண்டு சீனர்களுக்குள்ளேயே காரசாரமான விவாதம்! சீனர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நினைப்பவர்கள் என்ற என் எண்ணம் அன்றோடு போயிற்று. திங்கட்கிழமை ஆய்வகத்தில் அந்த விவாதம் டீயோடு தொடர்ந்தது.

விழா ஒரு நாட்டின் முகப்பைக் காட்டும். திரைப்படம் அடுப்படி வரை கூட்டிப்போகும். அதன் பிறகு பேசினால்தான் உறவு.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் கருத்தரங்கக் கூடத்தில் மாதம் ஒரு படம் போடலாமே! முதலில் சீனா, பிறகு ஈரான், கொரியா, ஜப்பான். உரிமையாளர்களிடம் முறைப்படி அனுமதி வாங்கும் செலவை முன்னாள் மாணவர்களாகிய நாம் ஏற்போம். முன்னுரையையும் விவாதத்தையும் தம்பி தங்கைகள் நடத்தட்டும். சப்டைட்டில் படிக்கணுமே என்று தயங்க வேண்டாம். வட்டார மொழிகள் பலவாக இருப்பதால், சீனாவிலேயே சீனப் படங்களுக்குச் சீன எழுத்தில் சப்டைட்டில் போடுவது வழக்கம்!

நாளை நீங்கள் எந்த ஊர் ஆபீசில் உட்கார்ந்தாலும் பக்கத்து மேஜையில் வேறொரு நாட்டுக்காரர் இருப்பார். அவரிடம் ஹலோவுக்கு மேல் பேச ஒரு விஷயம் இருக்கட்டும்.