டிக்கெட் வாங்காதவர்கள்



என் அத்தை வீடு மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்கள் இறங்கும் வழிக்கு நேர் கீழே இருக்கிறது. சிறுவயதில் விடுமுறைக்கு அங்கேதான் போவேன். அத்தை கதை சொல்லிக்கொண்டே வருவார். திடீரென்று பாதியில் நிறுத்துவார். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும். விமானம் கடந்ததும், விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார். ஒரு நாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. அத்தை இன்றுவரை விமானத்தில் ஏறியதும் இல்லை.

அந்த டம்ளர் சத்தம்தான் என்னை விமான எஞ்சின் இரைச்சலைக் குறைக்கும் வேலைக்கு இழுத்து வந்தது.

பழகிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1992-இல் ஜெர்மனியின் மியூனிக் விமான நிலையம் பழைய இடத்தில் மூடப்பட்டு, புதிய இடத்துக்கு மாறியது. அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். புதிய நிலையத்தின் அருகே பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் சரிந்தன. சத்தம் ஓய்ந்த பழைய இடத்தில் அவை தேறின. டிக்கெட் வாங்கியவர் நேரத்தை மிச்சம் பிடிக்கிறார். வாங்காத வீட்டுப் பிள்ளை அதற்கு விலை கொடுக்கிறது. இது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

பேனா மூடியை உதட்டில் வைத்து ஊதியிருப்பீர்கள். சின்ன மூடி கீச்சென்று கத்தும். பெரிய பாட்டில் 'பூம்' என்று முழங்கும். எங்கள் தொழிலின் அடிப்படை அதுதான். எஞ்சினின் வாய்ப்பகுதி உள்சுவர் தூரத்திலிருந்து வழவழப்பாகத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஊசியால் குத்தியதுபோல எண்ணற்ற துளைகள், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலத்தில். அவற்றுக்குப் பின்னால் தேன்கூடு போன்ற அறைகள். அதற்கும் பின்னால் துளையே இல்லாத தகடு. அறையின் ஆழம் ஒலியலை நீளத்தில் கால் பங்குக்கு அருகே அமைந்தால், துளைக்குள் இருக்கும் காற்று உள்ளும் வெளியும் வேகமாக அலையும். அந்த உராய்வில் ஒலி வெப்பமாகிக் கரைந்துவிடும். 2000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு சுமார் 4 செ.மீ. ஆழம் போதும்.

சொல்வதற்கு எளிது. முன்பெல்லாம் ஒலியை உறிஞ்சும் இந்த உள்சுவர் உறையைத் துண்டுகளாகச் செய்து, சுற்றிலும் பொருத்துவார்கள். துண்டுகள் சேரும் இடத்தில் துளையில்லாத பட்டை ஒன்று ஓடும். அந்தக் குறுகலான ஒட்டு, விசிறியின் ஒலியைச் சிதறடித்து, உறையால் உறிஞ்ச முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடும். ஏர்பஸ் ஏ380-க்கு ஒட்டே இல்லாத முழு வளையமாக அதைச் செய்தார்கள். அவ்வளவு பெரிய வளையத்தை ஒரே துண்டாகச் செய்த அந்தத் தொழிலாளர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

நான் தோற்ற கதையையும் சொல்கிறேன். நான் வடிவமைத்த ஒரு பேனல், சோதனைக் குழாயில் வந்த ஒலியை அப்படியே விழுங்கியது. காற்றுச் சுரங்கத்தில் வைத்து, துளைகளின் குறுக்கே காற்றைப் பாய்ச்சியதும், அதில் பாதியைக்கூட விழுங்கவில்லை. பாயும் காற்று துளையின் தடையை மாற்றிவிடும் என்று படித்திருந்தேன்; அதன் அளவைக் கணக்கில் குறைத்துப் போட்டிருந்தேன். ஓராண்டு உழைப்பு போயிற்று. அன்றிலிருந்து அமைதியான அறையில் கிடைக்கும் எண்ணை நான் முழுதாக நம்புவதில்லை.

இப்போதைய சிக்கலுக்கு வருகிறேன். எஞ்சினுக்குப் பின்னால் பீறிடும் காற்றின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் ஒலித்திறன் 256-இல் ஒரு பங்காகும் என்பது 1952-இல் ஜேம்ஸ் லைட்ஹில் தந்த கோட்பாட்டிலிருந்து வருவது. பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றும் எஞ்சின்கள் வந்தபிறகு அந்தச் சீறல் வெகுவாக அடங்கியது. ஆனால் மெதுவான விசிறிக்குக் குரல் தடிப்பு. 500 ஹெர்ட்ஸுக்கு 17 செ.மீ. ஆழம் வேண்டும். எடைக்கும் எரிபொருளுக்கும் அஞ்சி எஞ்சின் உறையோ மெலிந்துகொண்டே போகிறது. அறைகளை வளைத்து நீட்டிப் பார்க்கிறார்கள். அறையின் நடுவே மெல்லிய வலை பதித்து, ஒரே அறையைப் பல சுருதிகளுக்குப் பழக்குகிறார்கள். முழு விடை இன்னும் கிடைக்கவில்லை.

புதிய ரக விமானத்துக்கு இரைச்சல் சான்று தரும்போது மைக் வைக்கும் இடங்களில் ஒன்று, ஓடுபாதையின் தொடக்கத்துக்கு 2000 மீட்டர் முன்பாக, இறங்கும் வழிக்கு நேர் கீழே. அத்தையின் மொட்டைமாடி என்றே அதை நான் நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். பேசிக்கொண்டிருந்தபோது புது ரக விமானம் ஒன்று தலைக்குமேல் இறங்கியது. அத்தை பேச்சை நிறுத்தவில்லை. குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். டம்ளர்கள் லேசாக அதிர்ந்தன.