காய்ந்த பழத்தில் சாகாத கிருமி

உலர் திராட்சையும் பேரீச்சையும் எளிதில் கெடுவதில்லை; அதனால் அவற்றில் கிருமியும் இராது என்று எண்ணிவிடுகிறோம். தூய நீரை 1 என்று கொண்டால், சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி பெருகுவதற்கு ஏறக்குறைய 0.93 அளவு ஈரம் வேண்டும். உலர் திராட்சையில் அது 0.6-ஐ ஒட்டியே இருக்கும். ஆகவே அங்கே அது பெருகாது. ஆனால் சாகவும் சாகாது. மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். போதாக்குறைக்கு, காய்ந்த நிலையில் சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். கந்தகப் புகை போடுகிறார்களே என்றால், அது பெரும்பாலும் நிறம் மங்காமல் இருப்பதற்காக. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அதன் மிச்சமே மூச்சுத்திணறலைத் தரும்.

ஆகவே கிருமியின் இயற்கைப் பகைவர்களை நாடுவதில் நியாயம் இருக்கிறது. பாலாடைக்கட்டியில் சேர்க்கப்படும் நைசின் ஒரு பாக்டீரியாவே சுரப்பதுதான். ஆனால் சால்மோனெல்லாவின் வெளிச்சவ்வு அதைத் தடுத்துவிடுகிறது. அதைவிட நம்பிக்கை தருபவை, பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்களான ஃபேஜ்கள். கங்கை, யமுனை நீர் காலராக் கிருமியைக் கொல்வதை 1896-இல் எர்னஸ்ட் ஹாங்கின் என்ற விஞ்ஞானி எழுதினார்; அது ஃபேஜின் வேலை என்பது பின்வந்தோர் பலரின் கணிப்பு. 2006-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், லிஸ்டீரியா என்னும் கிருமிக்கு எதிரான ஃபேஜ் கலவையை உண்ணத் தயாரான இறைச்சியில் தெளிக்க அனுமதித்தது. சால்மோனெல்லாவுக்கு எதிரான அத்தகைய கலவையை உலர்பழத்தின் மேல் தெளித்தால் பெரிய பலன் இராது. ஃபேஜ் தானாக நகராது. ஈரத்தில் மிதந்துதான் இரையை எட்ட வேண்டும். எட்டினாலும், அந்தப் பாக்டீரியா இயக்கத்தில் இருந்தால்தான் அதற்குள் பெருக முடியும். காய்ந்த பழத்தில் இரண்டுக்கும் வழியில்லை. பழத்தைக் கழுவிய பின், வெயிலில் பரப்புவதற்கு முன், அது ஈரமாக இருக்கும் நேரமே இதற்கு உரிய வேளை.

வைரஸைத் தின்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஃபேஜ் மனித செல்லைத் தொற்றாது. நம் குடலிலேயே அவை ஏராளம். வலுவான ஆட்சேபம் வேறு: ஒரு ஃபேஜ் சில வகைப் பாக்டீரியாக்களையே தாக்கும், சால்மோனெல்லாவிலோ 2,500-க்கும் மேற்பட்ட வகைகள். பல ஃபேஜ்களைக் கலந்து தெளிப்பதும், கிருமி எதிர்ப்பு பெறாதபடி கலவையை அவ்வப்போது மாற்றுவதும் ஓரளவு ஈடுகொடுக்கும், முழுமையாக அல்ல. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலர்ந்த பிறகு பறவை எச்சத்தாலோ, எலி ஓடும் கிடங்காலோ, கழுவாத கையாலோ சேரும் கிருமியை முன்பு தெளித்த ஃபேஜ் தடுக்கும் என்று நம்ப முடியாது. அங்கே காசு போக வேண்டியது களத்தை மூடும் வலைக்கும், கிடங்குத் தரைக்கும், கை கழுவும் குழாய்க்கும்தான்.