ஆணுக்கும் ஒரு சோதனை

'அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தடவிப் பார்த்தாளாம்' என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. பொறுமையில்லாதவர்களை நகைப்பதற்காக எழுந்த மொழி அது. ஆனால், மருத்துவனாகிய எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் வேறோர் எண்ணம் எழுவதுண்டு. மரத்தைச் சுற்றியவள் அவள். வயிற்றைத் தடவிப் பார்த்தவள் அவள். ஊராரின் நகைப்புக்கு ஆளானவளும் அவளே. அவளுடைய கணவன் அப்போது எங்கே இருந்தான்? பழமொழி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மலடி என்னும் சொல்லைத் தெருவிலே கேட்கிறோம். மலடன் என்னும் சொல்லோ பெரும்பாலும் அகராதிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

அந்தக் கணவனைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். வெளிப்படையாகப் பேசச் சற்றுக் கூச்சம் தரும் பொருள்தான். ஆயினும், நம்முடைய கூச்சத்திற்கு விலை கொடுப்பவர்கள் பெண்களாக இருப்பதால், சிறிது நேரம் அதை ஒதுக்கி வைப்பது தவறாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் பெண் தன் கணவனோடும் மாமியாரோடும் என்னிடம் வந்தாள். மணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவள் கையில் ஒரு துணிப்பை. அது நிறையக் காகிதங்கள். கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே படம், பலமுறை எடுத்த ஸ்கேன் படங்கள், வயிற்றில் துளையிட்டுக் கருவியால் பார்த்த அறிக்கை ஆகிய எல்லாம் அதில் இருந்தன. யாவும் அவளுக்குக் குறையில்லை என்றே கூறின. "இவருடைய அறிக்கை எங்கே?" என்று கணவனைக் காட்டிக் கேட்டேன். ஒருவரும் பேசவில்லை. பிறகு மாமியார்தான் சொன்னார்: "என் பிள்ளைக்கு என்ன குறை, டாக்டர் ஐயா? நெல் மூட்டையைத் தனியாளாகத் தூக்கி வண்டியில் போடுகிறவன் அவன்."

இந்த ஒரு வாக்கியத்தில் நம் சமூகத்தின் அறியாமை முழுவதும் அடங்கியிருக்கிறது. தோள் வலிமை வேறு; இல்லறத்தில் கூடும் ஆற்றல் வேறு; விந்தில் உயிரணுக்கள் இருப்பது வேறு. முதல் இரண்டும் நிறைந்த ஒருவரிடம் மூன்றாவது அறவே இல்லாதிருக்கலாம். வெறுங்கண்ணால் பார்த்து அதை அறிய இயலாது. உடலை முறுக்கேற்றுவதற்காக ஆண்மை ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களுக்கு அந்த ஊசியே விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடக்கூடும் என்றால், வலிமையின் தோற்றத்தை எவ்வளவு நம்பலாம் என்று எண்ணிப் பாருங்கள். மகப்பேறு வாய்க்காத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்தில், தனியாகவோ மனைவியின் குறையோடு சேர்ந்தோ, ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆகவே, ஓராண்டு கூடி வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லை என்றால் இருவரும் ஒரே சமயத்தில் சோதனைக்கு வருவதே முறை. மனைவிக்கு வயது முப்பத்தைந்தைக் கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே வரவேண்டும்.

விந்தணுவை மனிதன் முதன்முதலில் கண்ட வரலாறும் கூச்சத்தோடு தொடங்கியதுதான். ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்த லேவன்ஹுக் என்பவர், தாமே தேய்த்த கண்ணாடி வில்லையின் வழியாக விந்துத் துளியைப் பார்த்தார். வாலை அசைத்து நீந்தும் எண்ணற்ற சிற்றுயிர்கள் அதில் தென்பட்டன. 1677-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சங்கத்துக்கு அவர் இதைக் கடிதமாக எழுதினார். இல்லறத்தின் வழியே கிடைத்ததையன்றி வேறு விதமாகப் பெற்றதைத் தாம் சோதிக்கவில்லை என்று உறுதி கூறினார்; அறிஞர்கள் அருவருப்படைவார்கள் என்று தோன்றினால் கடிதத்தை வெளியிடாமல் அழித்துவிடலாம் என்றும் கேட்டுக்கொண்டார். நல்ல வேளையாக அவர்கள் அதை அழிக்கவில்லை. நாடி ஆறு முறை துடிப்பதற்குள் எடுத்துப் பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். புதிதாக இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்னும் அந்த விதி இன்றும் மாறவில்லை.

சோதனை முறையை இப்போது சொல்கிறேன். இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் விந்து வெளிப்படாமல் இருந்தபின் வரவேண்டும். சிறுநீர் கழித்து, கையையும் உறுப்பையும் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, ஆய்வுக்கூடத்தில் தரும் அகன்ற வாயுள்ள குப்பியில், சுய இன்பத்தின் மூலம் விந்தைச் சேகரிக்க வேண்டும். எண்ணெயோ எச்சிலோ சோப்போ தடவலாகாது. கடையில் விற்கும் சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொண்டுவரவும் கூடாது; இவை விந்தணுக்களுக்குத் தீங்கு செய்வன. முதலில் வெளிப்படும் பகுதியில்தான் விந்தணுக்கள் மிகுதி. ஆதலால், அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் இல்லாத குறை இருப்பதாக அறிக்கை வரும்.

பெற்றதை ஒரு மணி நேரத்துக்குள், கூடுமானால் அரை மணிக்குள், ஆராயத் தொடங்குவார்கள். உலக சுகாதார நிறுவனம் இதற்கென ஒரு கையேட்டை 1980-இல் வெளியிட்டது. அதன் ஆறாம் பதிப்பு 2021-இல் வந்தது. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆடவரை ஆராய்ந்து சில கீழ் எல்லைகளை அதில் குறித்திருக்கிறார்கள். அளவு 1.4 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரில் விந்தணு 1 கோடியே 60 இலட்சம், அசைவுடையவை நூற்றுக்கு 42, நல்ல உருவம் உடையவை நூற்றுக்கு 4. நூற்றுக்கு நான்கா என்று திகைக்க வேண்டா. இயற்கை அவ்வளவு தாராளமாகச் செலவு செய்கிறது. எல்லைக்குக் கீழே இருப்பவர் தந்தையாக முடியாது என்றும் பொருளன்று. மேலே இருப்பவருக்கு உறுதி என்றும் பொருளன்று. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். சென்ற மாதம் வந்த கடுங்காய்ச்சல் இம்மாத அறிக்கையைக் கெடுக்கலாம். ஆகவே, ஓர் அறிக்கையைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாமல் மறுமுறையும் சோதிப்பதே நேர்மை.

இவ்வளவு எளிய சோதனைதான். ஆயினும், அதிலும் ஒரு துன்பம் உண்டு என்பதை நான் காலம் கடந்தே உணர்ந்தேன். ஒருமுறை பள்ளி ஆசிரியர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். நான் அப்போது பணியாற்றிய இடத்தில் சேகரிப்பதற்குத் தனி அறை இல்லை; கூடத்து மூலையில் இருந்த கழிவறைதான். அவருடைய பெயரைப் பலர் நடுவே உரக்கக் கூவி, குப்பியைக் கையில் கொடுத்தார்கள். அரை மணி கழித்து அவர் வெறுங்குப்பியை மேசைமேல் வைத்துவிட்டுத் தலைகுனிந்தபடியே போனார். மீண்டும் வரவில்லை. கட்டளையிட்டவுடன் சுரப்பதற்கு உடல் ஒன்றும் குழாய் அன்று. குற்றம் அவருடையதன்று, எங்களுடையது.

இத்தகையோருக்கு வழிகள் உண்டு. வீடு அருகில் இருந்தால் அங்கேயே சேகரித்து, குப்பியைச் சட்டைக்குள் உடற்சூட்டில் வைத்து, நேரத்துக்குள் கொண்டுவரலாம். விந்தணுவுக்குக் கேடு செய்யாத தனிவகை உறையும் இருக்கிறது. இல்லற உறவின்போதே அதில் சேகரிக்கலாம். மனைவியின் கருமுட்டைகளை வெளியே எடுக்கும் நாளில் கணவனுக்குப் பதற்றம் மிகும் என்று தோன்றினால், முன்கூட்டியே விந்தைப் பெற்று, திரவ நைட்ரஜனில் சுழிக்குக் கீழே 196 பாகைக் குளிரில் உறைய வைத்துக் காக்கலாம். இவற்றையெல்லாம் நோயாளி கேட்கட்டும் என்று காத்திராமல் மருத்துவரே முதலில் சொல்ல வேண்டும். இப்போது நான் சொல்லிவிட்டுத்தான் சீட்டு எழுதுகிறேன்.

நெல் மூட்டை தூக்கியவரை மறந்துவிடவில்லை. அவருடைய விந்தில் ஒரு விந்தணுகூட இல்லை, மறுமுறையும் இல்லை. மேலும் ஆராய்ந்ததில், விரைகள் விந்தணுக்களை உண்டாக்கிக்கொண்டுதான் இருந்தன. அவற்றை வெளியே கொண்டுவரும் குழாய்கள் இருபுறமும் பிறவியிலேயே அமையவில்லை என்று தெரிந்தது. பழகிய மருத்துவர் விரலால் தொட்டுப் பார்த்தே ஐயுறக்கூடிய குறை அது. அந்த ஒரு நிமிடம் ஒன்பது ஆண்டுகளாக ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு விந்தணுவை நுண்ணிய ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்திக் கருத்தரிக்கச் செய்யும் முறையை 1992-இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்து மருத்துவர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். அதனால், விரையிலிருந்தே விந்தணுவை எடுத்து இத்தகையோருக்கும் உதவ முடிகிறது. மரபணுச் சோதனைகளை முடித்துக்கொண்டு இவர்களுக்கும் அவ்வாறே செய்தோம். முதல் முறை பலிக்கவில்லை. இரண்டாம் முறைக்குப் பணம் சேர்த்துக்கொண்டு வருவதாகச் சொல்லி ஊருக்குச் சென்றார்கள். விந்தணு ஆணிடத்தில் நாள்தோறும் பிறக்கிறது. கருமுட்டையோ பெண் பிறக்கும்போதே எண்ணி வைத்தது போன்றது, ஆண்டுதோறும் குறைவது. வந்தபோது அவளுக்கு வயது முப்பத்து நான்கு. இருபத்தைந்தில் வந்திருக்க வேண்டியவள். அந்த ஒன்பது ஆண்டுகளை எந்த ஊசியாலும் திருப்பித் தர இயலாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அறிக்கையைக் கேட்டதும் அந்த மனிதர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, வெளியே பெஞ்சியில் அமர்ந்திருந்த தாயை உள்ளே அழைத்துவரச் சொன்னார். என்னைப் பேச விடவில்லை. "குறை என்னிடத்தில்தான் அம்மா. இனி அவளை ஒன்றும் சொல்லாதீர்கள்" என்றார். மூட்டை தூக்குவதைவிட அதற்குத்தான் வலிமை வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆடவரில் எவரேனும் மனைவியை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தால், அவரிடம் நான் வேண்டுவது இவ்வளவே: அடுத்த முறை நீங்களும் உடன் செல்லுங்கள், உங்கள் சோதனையை முதலில் செய்யச் சொல்லுங்கள்.