லினக்ஸும் நண்பர் முகமும்



விண்டோஸ் 10 என்னும் இயக்க அமைப்புக்கு அதனை ஆக்கிய நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு, 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்த பதிப்போ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பை வேண்டுவது. என் பழைய கணிப்பொறியில் அஃது இல்லை. பழுதற்ற பொறியை எறிந்துவிட மனம் ஒப்பாமையால், லினக்ஸுக்கு மாற எண்ணினேன். 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக் கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் அதனைத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. உங்களைப் போன்ற மாணவர்தாம்!

ஆயினும் ஒரு தடை இருந்தது. என்னோடு பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர் இப்போது தொலைவூரில் வாழ்கிறார். செவிப்புலன் குன்றிவிட்டமையால் பேசுவோரின் இதழசைவைக் கண்டே பொருளுணர்வார். வெறுந்தொலைபேசி அவருக்குப் பயன்படாது. ஞாயிறுதோறும் காணொளி வழியே உரையாடுவோம். அவர் விண்டோஸை விடுபவர் அல்லர். "நீர் மாறிவிட்டால் உம் முகம் எனக்குத் தெரியுமா?" என்று வினவினார்.

வெவ்வேறு தாய்மொழியினர் இருவர் சந்தித்தால், இருவரும் அறிந்த பொதுமொழி ஒன்றைத் தேடுவர் அல்லரோ? பொறிகளும் அவ்வாறே செய்கின்றன. அழைப்புத் தொடங்கும்போது ஒரு பொறி தான் அறிந்த ஒலி, பட முறைகளைப் பட்டியலிட்டு அனுப்பும். மற்றது தனக்கும் தெரிந்தவற்றைத் தேர்ந்து விடையிறுக்கும். வெப்ஆர்டிசி என்னும் பொதுநெறியின்படி, உலாவிகள் ஒலிக்கு ஓபஸ் முறையையும், படத்துக்கு வி.பி.8, எச்.264 ஆகிய இரண்டையும் அறிந்திருத்தல் வேண்டும். ஆதலின் உலாவி எந்த இயக்க அமைப்பின்மேல் ஓடுகிறது என்பது பொருட்டன்று. ஸ்கைப்பின் நிலை வேறு. அதன் நெறி அதற்கு உரிமையுடைய நிறுவனத்தின் கையில் இருந்தது. லினக்ஸினர் அந்நிறுவனம் அளிக்கும் பதிப்பையே நம்பியிருந்தனர். 2025 மே மாதத்தில் ஸ்கைப்பே மூடப்பட்டது. பொதுநெறியையே நான் விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

லினக்ஸை நிறுவுமுன், ஒரு பென்டிரைவிலிருந்தே அதனை இயக்கிப் பார்த்தேன். இம்முறையில் வன்தட்டில் உள்ளவை மாறுவதில்லை. படக்கருவியும் ஒலிவாங்கியும் இயங்கின. பின்னர் பயர்பாக்ஸ் உலாவியில் ஜிட்சி மீட்டைத் திறந்து, இணைப்பை நண்பருக்கு அனுப்பினேன். அவர் தம் விண்டோஸ் பொறியில் அதனைச் சொடுக்கினார். முகங்கள் தோன்றின.

எனினும் அவரால் என் பேச்சைப் பின்தொடர இயலவில்லை. சாளரம் என் முதுகுப்புறம் இருந்தமையால் முகம் இருண்டிருந்தது. நாற்காலியைத் திருப்பி, விளக்கை முன்னே வைத்தேன். நண்பர் உற்றுப் பார்த்துச் சொன்னார்: "லினக்ஸால் ஒரு குறையும் இல்லை. உம் மீசையைச் சற்றுக் கத்தரியும், மேலுதடு தெரியவில்லை."