புகையும் காணாமையும்: போர் விளையாட்டுகளில் மெய்ம்மை



ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டுக்குப் புலி தெரியும். புலிக்கு ஆடும் தெரியும். சதுரங்கத்திலும் அவ்வாறே. அங்கு மறைந்திருப்பது எதிராளியின் எண்ணம் ஒன்றே. போர்க்களம் அத்தகையதன்று. தம்மைச் சுட்டவன் எங்கிருக்கிறான் என்று அறியாமலே வீழ்ந்தோர் பலர். ஆகவே, போரை விளையாட்டாக வடிக்க முனைந்தோரை எல்லாம் ஒரு வினா மறித்து நின்றது: காணாமையை எவ்வாறு பலகையில் வைப்பது?

1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் தாம் வெளியிட்ட போர் விளையாட்டில் இதற்கு ஒரு விடை தந்தார். நிலப்படம் ஒன்று, இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர். பகைவர் கண்ணுக்குப் புலப்படக்கூடிய படைகளை மட்டுமே நடுவர் படத்தின்மேல் வைப்பார். ஏனையவை எங்குள்ளன என்பது அவர் ஒருவருக்கே தெரியும். 1899இல் ஹென்றி மைக்கேல் டெம்பிள் என்னும் ஆங்கிலேயர் சதுரங்கத்தையே இவ்வழிக்குத் திருப்பினார். எதிராளியின் காய்களைக் காணாமல், நடுவர் சொல்வதைக் கேட்டே அதை ஆடவேண்டும்.

அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள், தென்னாப்பிரிக்காவில் கொலென்சோ என்னுமிடத்தில் காணாமையின் விலை வெளிப்பட்டது. பழைய கரும்பொடி வெடிமருந்து, சுட்டவன் இருப்பிடத்தைப் புகையால் காட்டிக்கொடுத்துவிடும். 1884இல் பிரான்சு நாட்டுப் போல் வியெய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டறிந்தபின் அந்தச் சாட்சி மறைந்தது. கொலென்சோவில் ஆற்றங்கரைக் குழிகளில் பதுங்கியிருந்த போயர்கள் சுட்டபோது, ஆங்கிலேயர்க்கு இலக்கே தென்படவில்லை. அவர்களுடைய பீரங்கிகள் 10 பறிபோயின. ஒருகாலத்தில் காட்டிக்கொடுத்த புகையை, பின்னர் மறைந்துகொள்வதற்காகவே படைகள் உண்டாக்க நேர்ந்தது காலத்தின் விந்தை.

இத்தகைய விளையாட்டு பொழுதுபோக்கு மட்டுமன்று. 1942இல் லிவர்பூல் நகரில் கில்பர்ட் ராபர்ட்ஸ் தலைமையில் ஆங்கிலேயக் கடற்படை ஒரு பயிற்சிப் பிரிவை அமைத்தது. அறையின் தரையே கடல். திரைக்குப் பின் நின்ற அதிகாரிகள் சிறு துளை வழியாகவே அதைப் பார்க்க இயலும். நீர்மூழ்கிக் கப்பல்களின் தடத்தை, அவர்கள் கண்ணுக்குத் தெரியாத நிறச் சுண்ணக்கட்டியால் பெண் ஊழியர்கள் வரைந்தனர். பகைக்கப்பல் இரவில் பின்புறமாக வணிகக் கப்பல்களின் வரிசைக்குள்ளேயே நுழைந்து தாக்குகிறது என்னும் உண்மை இத்தரையில்தான் தெளிவாயிற்று. அங்குக் குறைவாகக் காணப் பழகியவர்களே கடலில் பிழையின்றிக் காணக் கற்றனர்.

நடுவர் இல்லாத வீட்டு மேசையில் இதைச் செய்வது அரிது. 1985இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்’ விதிகளால் இதற்கு முயன்றது. அதில் புகை, பார்வையை முற்றிலும் அடைக்கும் சுவரன்று, தடையே. புகையினூடே சுடுவோனின் பகடை எண்ணோடு 3 கூட்டப்படும். எண் கூடினால் குறி கெடும். புகை கலையத் தொடங்கியதும் கூட்டப்படுவது 2 ஆகக் குறையும். புகைக்குள் நின்று சுடுபவனுக்கும் தண்டனை உண்டு. புகை இருவர் கண்ணையும் கெடுக்கும் அல்லவா? மறைந்த படையின்மேல் கேள்விக்குறி இட்ட அட்டை கிடக்கும். சிலவற்றின் அடியில் ஒன்றுமே இராது. எனினும் ஒரு குறை எஞ்சியது. ஆடுபவர் வானத்திலிருந்து பார்ப்பவர். ஒரு வீரன் கண்டதை எல்லா வீரர்க்கும் உரியதாக்கிவிடுவார்.

கணினி வந்தும் அக்குறை உடனே தீரவில்லை. 2000இல் வந்த ‘காம்பட் மிஷன்’ விளையாட்டில், ஒரு குழு பகைவரின் டாங்கியைக் கண்டால் படை முழுவதும் கண்டதாகிவிடும். 2007இல் வந்த அதன் அடுத்த தலைமுறை இதை மாற்றியது. அதில் ஒவ்வொரு குழுவும் தான் கண்டதையே அறியும். பிறர் அறியச் செய்தி செல்லவேண்டும். வேலிக்குப் பின் கிடக்கும் காலாள் டாங்கியைக் காண்பான். மூடியைச் சாத்திக்கொண்ட டாங்கி அவனைக் காணாது.

தமிழ்க் கவிஞர்க்கு இது புதிதன்று. அகப்பாட்டில் அனைத்தும் அறிந்த குரல் இல்லை. தலைவி, தோழி, செவிலி என அவரவர் அறிந்ததே அவரவர் கூற்று. களவு என்னும் மறைபொருள் தலைவியிடமிருந்து தோழிக்கும், தோழியிடமிருந்து செவிலிக்கும், செவிலியிடமிருந்து நற்றாய்க்கும் படிப்படியாகச் செல்வதே அறத்தொடு நிற்றல். யார் எதை எப்போது அறிந்தார் என்பதிலேயே அங்கு உயிர்த்துடிப்பு அமைந்துள்ளது.

போர் விளையாட்டின் மெய்ம்மையும் அங்கேதான் உள்ளது. சில கணினி விளையாட்டுகளில் திரையில் புகை அழகாகச் சுருண்டெழும். இயந்திரம் நடத்தும் பகைவனோ அதனூடே தடையின்றிச் சுடுவான். அப்புகை பொருளற்ற அணி. ‘இத்தனை அருகில் நின்றவனை என் வீரன் எவ்வாறு காணாதுபோனான்?’ என்று ஆடுபவர் சினப்பதுண்டு. அதற்குக் காற்றோ, புதரோ, அச்சமோ, மூடிய மூடியோ ஏதேனும் ஒரு காரணம் இருக்குமாயின், அவ்விளையாட்டு அவரை ஏமாற்றவில்லை. காரணமின்றிக் குருடாக்குவதும் பிழை. காரணமின்றிக் கண் கொடுப்பதும் பிழை. அறியாமையை நேர்மையாகப் பங்கிடும் விளையாட்டே போரைப் பற்றிப் பொய் சொல்லாத விளையாட்டு.