டாக்காவில் ஒரு சங்குத் தெரு



பட்டறிவுப் பயணமாக நாங்க ஒன்பது பேர் வங்கதேசம் போய் வந்தோம். அங்குள்ள குழுக்கூட்டம், வாரத் தவணை பற்றியெல்லாம் செயலாளர் அக்கா சொல்லிட்டாங்க. கடைசி நாள் பழைய டாக்காவைச் சுற்றிப் பார்த்ததை மட்டும் நான் சொல்றேன்.

மொகலாயர்கள் 1610-லேயே டாக்காவை வங்காளத்துக்குத் தலைநகரமாக வச்சிருந்தாங்க. ஔரங்கசீப்பின் மகன் ஆசம் 1678-ல் தொடங்கிய லால்பாக் கோட்டை இன்னைக்கும் அரைகுறையாத்தான் நிக்குது. பின்னால் வந்த சாயிஸ்தகானின் மகள் பரி பீவி 1684-ல் இறந்துபோக, அவர் வேலையை நிறுத்திட்டார். உள்ளே அந்தப் பொண்ணோட சமாதி இருக்கு.

அங்கிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் புரிகங்கா ஆத்தங்கரைக்கு வந்தோம். ரிக்‌ஷா பின்பக்கமெல்லாம் மயில், சினிமா நடிகை, தாமரை என்று ஒரே ஓவியம். நவாப் அரண்மனை அசன் மன்சிலைப் பார்த்துட்டு, பக்கத்தில் சதர்காட் படகுத்துறைக்கு நடந்தோம். அங்கேதான் கூட்டம் எங்களைப் பிரிச்சது. மூட்டை வண்டி ஒன்று குறுக்கே வந்து போனது. போன பிறகு பார்த்தா, நம்ம ஆள் ஒருத்தரையும் காணோம். என் போனில் அந்த ஊர் சிம் கிடையாது. கடைப் பலகை எல்லாம் வங்காள எழுத்து.

கூட்டம் தள்ளின பக்கமே நடந்து, ஒரு ஒடுக்கமான தெருவுக்குள் போயிட்டேன். ரெண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி உசரமான பழைய வீடுகள். ஒரு கடைக்குள்ளே பையன் ஒருத்தன் மெஷினில் எதையோ வட்டம் வட்டமா அறுத்துக்கிட்டிருந்தான். எட்டிப் பார்த்தேன், நம்ம சங்கு! என் வீட்டுக்காரர் இருபது வருஷம் முங்கி எடுத்த அதே சங்கு.

அது சாங்காரி பஜார். தலைமுறை தலைமுறையாகச் சங்கு வளையல் செய்றவங்க தெரு. நம்ம மன்னார் வளைகுடாச் சங்கு பல காலமா வங்காளத்துக்குப் போயிருக்கு. அங்கே கல்யாணமான இந்துப் பெண்களுக்கு நம்ம தாலி மாதிரி இந்த வெள்ளை வளையல். நமக்கோ, கரையில் வியாபாரி சாக்கைக் கட்டினதோட கணக்கு முடிஞ்சது. எங்கே போகுது, யார் போடுறாங்க என்று நாம கேட்டதே இல்லை.

“சங்கு” என்றேன். “ஷொங்கோ” என்றான் பையன். கடைக்காரப் பெரியவர் ஒரு வகைச் சங்கை எடுத்துக் காட்டி “ராமேஸ்வரி” என்றார். நான் என் நெஞ்சைத் தொட்டு, “ராமேஸ்வரம், எங்க ஊர்ப்பக்கம்” என்றேன். அவ்வளவுதான், ஸ்டூல் வந்தது, டீ வந்தது!

கடைக்கார அம்மா ஒரு ஜோடி வளையலோடு என் கையைப் பிடிச்சாங்க. நான் கையை இழுத்துக்கிட்டு வானத்தைக் காட்டினேன். புருஷன் செத்தா அங்கே இந்த வளையலை உடைச்சிடுவாங்களாம். அந்தம்மா முகம் வாடிப்போச்சு. மூலையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த பாட்டி எழுந்து வந்து, வளையல் இல்லாத தன் கையை என் கை பக்கத்தில் வச்சுக் காட்டினாங்க. ஒன்றும் பேசலை. 1971 மார்ச்சில் ராணுவம் அந்தத் தெருவில் புகுந்து பலரைக் கொன்றதை ஊருக்கு வந்தபிறகுதான் கேள்விப்பட்டேன். பாட்டியோட கதை என்னவோ, கேட்க எனக்குப் பாஷை இல்லையே.

அரண்மனை ரோஸ் கலர் என்பதால், ரோஸ் கலர்ச் சேலை ஒன்றைக் காட்டி, கையாலேயே மாடி, குவிமாடம் எல்லாம் கட்டினேன். பாட்டி சிரிச்சுட்டு, “அசன் மன்சில்!” என்று என் கையைப் பிடிச்சு வாசல் வரைக்கும் கூட்டிப்போய் விட்டாங்க. நம்ம ஆட்கள் அங்கேதான் நின்னாங்க. தலைவி அம்மா திட்டினதை இங்கே சொல்ல வேண்டாம்.

பையன் கொடுத்த அறுத்த துண்டு மேசைமேல் இருக்கு, கையில் எடுத்துப் பாருங்க. ஒரே சங்கிலிருந்து சில வளையலும், மிச்சத்தில் மோதிரமும் எடுக்கிறாங்க. தூசிதான் மோசம், மூக்கைக் கட்டாம உட்காரக்கூடாது. அறுக்கிற மெஷினுக்குக் கடன் கேட்டு எங்க குழு தீர்மானம் எழுதியிருக்கு. வாங்க ஆள் யார் என்று நீங்க கேட்பீங்க. மோதிரம், சாவிக்கொத்து செய்து கோயில் வாசல் கடைகளில் விசாரிச்சுக்கிட்டிருக்கோம். அடுத்த மாதக் கூட்டத்தில் விலைப்பட்டியலோடு வர்றோம்.