தலையோட்டுக்குள் மிகும் அழுத்தம்

'பிரஷர்' என்றதும் நம்மவர் இரத்த அழுத்தத்தையே எண்ணுவர். இன்று நான் சொல்ல வந்தது வேறோர் அழுத்தம். தலையோட்டுக்குள் மூளையைச் சூழ்ந்து உண்டாவது. கையில் பட்டை கட்டி அதனை அளக்க இயலாது. நான் மருத்துவன் அல்லேன், மொழிபெயர்ப்பாளன். இப்பொருளைக் கற்கும்படி என்னைத் தூண்டியது நான் செய்த ஒரு பிழையே.

தில்லியில் எங்கள் குடியிருப்பில் வாழும் தமிழ்ப் பெண்மணி ஒருவர், சில வாரங்களாகத் தலைவலியால் வருந்தினார். இந்தி அறியாதவராதலின் என்னைத் துணைக்கு அழைத்தார். "விடியற்காலையில்தான் வலி அதிகம், அண்ணா. குனிந்து நிமிர்ந்தால் ஒரு நொடி கண் இருட்டிக்கொண்டு வருகிறது" என்றார். நானோ, சுருக்கமாகச் சொன்னாற் போதும் என்றெண்ணி, மருத்துவரிடம் 'தலைவலி' என்று மட்டும் உரைத்தேன். வலி மாத்திரை கிடைத்தது. ஒரு மாதம் வீணே கழிந்தது.

தலையோடு விரிந்து கொடாத கலம். அதனுள் மூளையும், இரத்தமும், மூளையைச் சூழ்ந்த தெளிந்த நீரும் நிறைந்துள்ளன. ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறைந்து இடந்தர வேண்டும். இன்றேல் அழுத்தம் ஏறும். இக்கருத்துக்கு 1783-ல் அடிகோலியவர் எடின்பரோவின் அலெக்சாண்டர் மன்றோ. அந்நீர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் சுரக்கிறது. ஒரு சமயத்தில் தங்கியிருப்பதோ சுமார் 150 மில்லிலிட்டரே. எஞ்சியது இரத்தத்தில் கலந்துவிடும். அவ்வழி அடைபட்டாலும், கட்டி வளர்ந்தாலும், தலையில் அடிபட்டு இரத்தம் கசிந்தாலும், காசநோய் மூளையுறையைப் பற்றினாலும் அழுத்தம் மிகும். உடல் பருத்த இளம் பெண்டிர் சிலருக்குக் காரணம் புலப்படாமலும் மிகுவதுண்டு.

மறுமுறை சென்றபோது அவர் சொன்ன யாவற்றையும் சொல்லுக்குச் சொல் எடுத்துரைத்தேன். மருத்துவர் உடனே கருவிகொண்டு கண்ணின் உட்புறத்தை நோக்கினார். பார்வை நரம்பின் முகப்பு வீங்கியிருந்தது. ஸ்கேன் எடுத்துக் கட்டி இல்லையெனத் தெளிந்த பின்னரே, முதுகின் கீழ்ப்புறத்தில் ஊசியிட்டு நீரின் அழுத்தத்தை அளந்தனர். நீர்ச்சுரப்பைக் குறைக்கும் அசெட்டசோலமைடு மருந்து தந்தனர். உடல் எடையையும் குறைக்கச் செய்தனர். சிலருக்கு வடிகுழாய் பொருத்த நேரிடும். கட்டியாயின் அறுவை வேண்டும். காரணத்திற்கேற்பவே சிகிச்சை அமையும்.

அப்பெண்மணியின் தலைவலி தீர்ந்தது. ஆனால் இடக்கண்ணின் ஓரப்பார்வை முழுதும் திரும்பவில்லை. அந்த ஒரு மாதத்தை நான் மறந்தேனில்லை.

எனவே வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்களே, காலையில் மிகும் தலைவலி, வாந்தி, கண் இருட்டல், இரட்டைப் பார்வை, காதினுள் நாடித்துடிப்பின் ஓசை ஆகியவை தோன்றினால் மாத்திரை விழுங்கிக் காலங் கடத்தாதீர்கள். தலையில் அடிபட்டபின் மயக்கமோ விடாத வாந்தியோ காணின், அக்கணமே அவசர சிகிச்சைக்குக் கொண்டு செல்லுங்கள். பிறமொழியில் சொல் அகப்படாவிடின் சைகையாலேனும் உணர்த்துங்கள். துணைக்குச் செல்வோர், நோயாளி சொன்னதில் ஒரு சொல்லையும் தாமாக விலக்கலாகாது. எந்தச் சொல்லில் நோய் ஒளிந்திருக்கிறது என்பதை மருத்துவரே அறிவார்.